கடல் அட்டையை எதைக் கொண்டு இனம் காண்பது? ஹோலோதூரிடே குடும்பத்தைப் பற்றி

மன்னார் வளைகுடாக் கரையிலும் பாக் நீரிணைக் கரையிலும் கைப்பற்றப்படும் கடல் அட்டை மூட்டைகளைப் பற்றிய செய்திகள் தமிழ்நாட்டு நாளிதழ்களில் அடிக்கடி வருகின்றன. 2001ஆம் ஆண்டு முதல் இந்தியாவில் கடல் அட்டைகள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டதால், எடையும் மதிப்பும் பிடிபட்ட இடமும் செய்தியில் சொல்லப்படுகின்றன. எந்த இனம் என்பது மட்டும் பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. அது செய்தியாளரின் குறை என்று எனக்குத் தோன்றவில்லை. அவித்துக் காயவைத்த கடல் அட்டையில் நிறம் போய்விடுகிறது, நீளம் பாதிக்கும் கீழே சுருங்கிவிடுகிறது, குழாய்க்கால்கள் ஒட்டி உலர்ந்துவிடுகின்றன. உயிரோடு இருக்கும்போதே ஒரே இனத்து அட்டைகள் இரண்டு நிறங்களிலும், வெவ்வேறு இனத்து அட்டைகள் ஒரே நிறத்திலும் இருப்பதுண்டு. அப்படியானால் இந்த விலங்கை எதைக் கொண்டு இனம் காண்பது என்ற கேள்விக்கு, நம் கடலில் மிகுதியாகக் கிடைக்கும் ஹோலோதூரிடே குடும்பத்தை எடுத்துக்கொண்டு விடை தேட விரும்புகிறேன். வெள்ளை அட்டை, ராஜ அட்டை, நூல் அட்டை என்று நம் மீனவர்கள் பெயரிட்டு அழைப்பவை எல்லாம் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

இக்குடும்பத்துக்கு 1837இல் பெயர் வைத்தவர் ஜெர்மானிய விலங்கியலாளர் புர்மைஸ்டர். இன்று இதில் இருநூறுக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. அவற்றில் மிகப் பெரும்பகுதி ஹோலோதூரியா என்ற ஒரே பேரினத்துக்குள் (நெருங்கிய இனங்களின் தொகுப்புக்குள்) அடங்கியிருக்கிறது. மற்ற பேரினங்கள் ஆக்டினோபைகா, போஹாட்ஷியா, லாபிடோடெமாஸ், பியர்சனோதூரியா ஆகியவை. வெப்பமண்டலக் கடல்களின் ஆழம் குறைந்த மணல் தரைகள், கடற்புல் வெளிகள், பவளத் திட்டுகள் ஆகியவை இவற்றின் முதன்மையான வாழிடங்கள்.

கடல் அட்டை முட்தோலிகளின் தொகுதியைச் சேர்ந்தது என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். நட்சத்திர மீனுக்கும் கடல் முள்ளெலிக்கும் உறவு, நிலத்து அட்டைக்கு எந்த உறவும் இல்லை. கடல் முள்ளெலியின் உடலில் வாய் கீழும் ஆசனவாய் மேலுமாக இருக்கும் அச்சை நீளமாக இழுத்து, அந்த உடலைப் பக்கவாட்டில் படுக்க வைத்துவிட்டால் கடல் அட்டையின் உடலமைப்பு கிடைத்துவிடும். வாய் ஒரு முனையிலும் ஆசனவாய் மறுமுனையிலும் அமைய, முட்தோலிகளுக்கே உரிய ஐந்து ஆரப் பட்டைகள் உடலின் நீளவாக்கில் ஓடுகின்றன. அவற்றில் மூன்று தரையைத் தொடும் அடிப்பக்கத்திலும் இரண்டு முதுகுப் பக்கத்திலும் இருக்கின்றன. அடிப்பக்கத்துக் குழாய்க்கால்களின் நுனியில் ஒட்டிப் பிடிக்கும் வட்டத் தட்டு உண்டு. முதுகுப் பக்கத்தில் அவையே தட்டை இழந்து கூம்பான புடைப்புகளாக மாறியிருக்கின்றன.

வாயைச் சுற்றி உணர்கொம்புகள் ஒரு வளையமாக நிற்கின்றன. ஹோலோதூரியாவில் இவை பொதுவாக 20. சில இனங்களில் கூடலாம், குறையலாம். ஒவ்வொரு கொம்பின் நுனியும் கிளைத்து ஒரு சிறிய கேடயம் போல விரிந்திருக்கும். இந்தக் கேடய வடிவக் கொம்புகளால்தான் விலங்கு மணலை அள்ளி வாய்க்குள் திணிக்கிறது. மணலோடு வரும் பாக்டீரியா, நுண்பாசி, மட்கிய கரிமப் பொருள் ஆகியவை செரிக்கப்பட்டு, மணல் பின்வழியே வெளியேறுகிறது. நீரில் மிதக்கும் துகள்களை வடித்துண்ணும் வேறு குடும்பங்களில் கொம்புகள் மரக்கிளை போல் பிரிந்திருப்பதையும், அவற்றை உள்ளே இழுக்கத் தனித் தசைகள் இருப்பதையும் காணலாம். ஹோலோதூரிடேவில் அந்த இழுதசைகள் இல்லை. கொம்புகளின் அடியிலிருந்து உடற்குழிக்குள் தொங்கும் நீண்ட பைகள் உண்டு. அவை கொம்புகளுக்கு நீரை ஏற்றவும் இறக்கவும் உதவுகின்றன. தொண்டையைச் சுற்றிப் பத்துத் துண்டுகளால் ஆன ஒரு சுண்ணாம்பு வளையம் இருக்கிறது: ஐந்து துண்டுகள் ஆரப் பட்டைகளின் நேரே, ஐந்து இடைவெளிகளில். உடலின் நீளவாக்குத் தசைகள் இந்த வளையத்தில்தான் வந்து பற்றுகின்றன.

அறுத்துப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது குடல். அது ஒருமுறை பின்னோக்கிச் சென்று, திரும்பி முன்னோக்கி வந்து, மீண்டும் பின்னோக்கிச் செல்கிறது. உடற்சுவரின் உட்புறத்தில் ஐந்து ஆரங்களிலும் தசைப் பட்டைகள் இணை இணையாக ஓடுகின்றன. ஆனால் குடும்பத்தை முடிவு செய்ய வேண்டுமென்றால் குடலையும் தசையையும் விட்டுவிட்டு இனப்பெருக்க உறுப்பைத் தேட வேண்டும். மற்ற முட்தோலிகள் பலவற்றில் ஐந்து அல்லது அதன் மடங்குகளில் இருக்கும் இந்த உறுப்பு கடல் அட்டைகளுக்கு ஒன்றுதான். அதிலும் ஹோலோதூரிடேவில் அது குடலைத் தாங்கும் முதுகுச் சவ்வின் இடப்பக்கத்தில் மட்டும் ஒரே கொத்தாகத் தொங்கும். வெளித்தோற்றத்தில் மிகவும் ஒத்திருக்கும் ஸ்டிகோபோடிடே குடும்பத்தில் சவ்வின் இருபுறமும் ஒவ்வொரு கொத்து உண்டு. ஆய்வகத்தில் மாணவர்களுக்குக் காட்டுவதற்கு இதைவிடத் தெளிவான வேறுபாடு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை: ஒரு கொத்தா, இரண்டு கொத்தா என்று பார்த்தால் போதும். இனப்பெருக்கக் காலம் அல்லாதபோது உறுப்பு சுருங்கிவிடும் என்பது மட்டுமே சிக்கல்.

உடலின் பின்பாதியில் இரண்டு சுவாச மரங்கள் கிளைத்து நிற்கின்றன. குடல் முடியும் இடத்தில் உள்ள க்ளோயகா என்ற அகன்ற பை விரிந்து சுருங்கி, கடல்நீரைப் பலமுறை சிறிது சிறிதாக உள்ளே ஏற்றி, பிறகு ஒரே வீச்சில் வெளியேற்றுகிறது. இடப்பக்கத்து மரத்தின் கிளைகளோடு குடலின் இரத்தக் குழாய்கள் நுண்வலையாகப் பின்னிக் கிடப்பதால், அறுக்கும்போது இரண்டையும் பிரித்தெடுப்பது கடினம். இந்த விலங்கு மூச்சு விடுவது பின்புற வாயில் வழியாக என்பதால் அந்த வாயில் அடிக்கடி திறந்தாக வேண்டும். கராபிடே குடும்பத்துச் சிறு மீன்கள் அந்த வழியே புகுந்து அட்டையின் உடலுக்குள் குடியிருக்கின்றன. போஹாட்ஷியா இனங்களில் இந்த மீன்கள் அடிக்கடி காணப்படுகின்றன. ஆக்டினோபைகா பேரினத்தில் ஆசனவாயைச் சுற்றி ஐந்து கெட்டியான சுண்ணாம்புப் பற்கள் இருக்கின்றன. காய்ந்த சரக்கிலும் இந்தப் பற்கள் அப்படியே இருப்பதால், நுண்ணோக்கி இல்லாமல் உறுதியாகச் சொல்லக்கூடிய பேரினம் இது ஒன்றுதான் என்று துணிந்து சொல்வேன்.

சுவாச மரத்தின் அடியில் இக்குடும்பத்துக்கே உரிய இன்னோர் உறுப்பு இருக்கிறது. பிரெஞ்சு விலங்கியலாளர் கியூவியரின் பெயரால் அது கியூவியர் குழல்கள் எனப்படுகிறது. வெண்மையான சிறு குழல்கள் கொத்தாக உடற்குழிக்குள் கிடக்கும். நண்டோ மீனோ சீண்டினால் அட்டை தன் பின்பகுதியை அந்தத் திசைக்குத் திருப்பி, உடலைச் சுருக்குகிறது. க்ளோயகாச் சுவர் கிழிந்து குழல்கள் வெளியே வருகின்றன. சுவாச மரத்தின் நீர் அவற்றுக்குள் அழுத்தத்தோடு ஏற, அவை தம் நீளத்தைப் போலப் பல மடங்கு நீண்டு, தொட்ட பொருளில் சில நொடிகளில் ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டும் பொருள் நீருக்கடியிலேயே செயல்படுகிறது என்பது உயிர்வேதியியலாளர்களை இன்றும் ஈர்த்து வருகிறது. வெளியேறிய குழல்கள் சில வாரங்களில் மீண்டும் வளர்ந்துவிடும். நம் மீனவர்கள் நூல் அட்டை என்று சொல்வது போஹாட்ஷியா மார்மொராட்டாவை. கையில் எடுத்தவுடன் விரல்களில் சுற்றிக்கொள்ளும் இந்த நூல்களே அப்பெயருக்குக் காரணம். ஆயினும் குடும்பம் முழுவதும் இது ஒரே மாதிரி இல்லை. வெள்ளை அட்டையான ஹோலோதூரியா ஸ்காப்ராவுக்கு இக்குழல்களே கிடையாது. ஆக்டினோபைகாவுக்குக் குழல்கள் உண்டு. ஆனால் அவை ஒட்டுவதுமில்லை, வெளியே எறியப்படுவதுமில்லை. ஆகவே குழல்கள் இருந்தால் ஹோலோதூரிடே என்று சொல்லலாம். இல்லையென்றால் அல்ல என்று சொல்ல முடியாது.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொரு செயல் குடலையே வெளியேற்றுவது. கடும் நெருக்கடியில் இக்குடும்பத்து அட்டைகள் குடலையும் சுவாச மரத்தையும் ஆசனவாய் வழியே உதறிவிட்டு, பின்னர் அவற்றை மீண்டும் வளர்த்துக்கொள்கின்றன. உடற்சுவரில் உள்ள சாபோனின் வகை நச்சுகளும் இவற்றுக்குப் பாதுகாப்பு. அவற்றுக்கு ஹோலோதூரின் என்ற பெயர் இக்குடும்பத்திலிருந்துதான் வந்தது. பசிபிக் தீவுகளில் ஹோலோதூரியா ஆட்ராவின் சாற்றைப் பாறைக் குளங்களில் கலந்து மீன்களை மயக்கிப் பிடிக்கும் வழக்கம் இருந்திருக்கிறது.

இனி தோலுக்கு வருவோம். கடல் முள்ளெலிக்குக் கெட்டியான ஓடாக இருக்கும் எலும்புச் சட்டகம், கடல் அட்டையில் சிதறித் தோலுக்குள் புதைந்த நுண்ணிய துண்டுகளாகிவிட்டது. இவற்றைச் சிற்றெலும்புகள் என்று அழைக்கிறேன். மக்னீசியம் கலந்த கால்சைட்டால் ஆன இவை பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான அளவுடையவை. முதுகுத் தோலிலிருந்து அரிசியளவு துண்டை வெட்டி, வீட்டில் துணி வெளுக்கப் பயன்படும் சோடியம் ஹைபோகுளோரைட் கரைசலில் இட்டால், சதை கரைந்து அடியில் வெள்ளைப் பொடி தங்கும். நீரால் பலமுறை கழுவி அந்தப் பொடியைக் கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தால், ஒழுங்காகத் துளையிட்ட, நான்கு தூண்கள் நிறுத்திய, விளிம்பில் பல் வைத்த வடிவங்கள் ஆயிரக்கணக்கில் தெரிகின்றன. வேறு எந்த விலங்கின் தோலிலும் இவ்வளவு அழகான கட்டடக் கலையை நான் பார்த்ததில்லை. பதப்படுத்துவதில் ஓர் எச்சரிக்கை உண்டு: நடுநிலையாக்கப்படாத பார்மலினில் நாளடைவில் அமிலம் உருவாகிச் சிற்றெலும்புகளைக் கரைத்துவிடும். அருங்காட்சியகங்களில் பழைய மாதிரிகள் பல இப்படித்தான் பெயர் சொல்ல முடியாதவையாக ஆகிவிட்டன. எரிசாராயத்தில் வைப்பதே நல்லது.

வகைப்பாட்டாளர்கள் இந்த வடிவங்களுக்கு எளிய பெயர்களையே வைத்திருக்கிறார்கள். துளைகள் கொண்ட வட்டத் தட்டின் மேல் தூண்கள் எழுந்து குறுக்குச் சட்டத்தால் இணைந்து முடிசூடி நின்றால் அது மேசை. நீள்வட்டத் தகட்டில் இரண்டு வரிசைத் துளைகள் இருந்தால் அது பொத்தான். கிளைகிளையாகப் பிரிந்து பூவிதழ் போல் முடிவது ரோசெட். பிறகு கோல்கள், தகடுகள். ஹோலோதூரியா பேரினத்தில் பொதுவாக மேசைகள் தோலின் மேலடுக்கிலும், பொத்தான்கள் அதன் கீழும் இருக்கும். வெள்ளை அட்டையின் பொத்தான்கள் முண்டும் முடிச்சுமாக இருப்பதால் அது மெட்ரியாடைலா என்ற துணைப்பேரினத்தில் (பேரினத்தின் உட்பிரிவில்) வைக்கப்பட்டுள்ளது. ராஜ அட்டையான ஹோலோதூரியா ஸ்பைனிஃபெராவில் சில மேசைகளின் கோபுரம் கூர்ந்து ஆணி போலாகிவிடுகிறது. அது தீலோதூரியா துணைப்பேரினத்தின் அடையாளம். ஹோலோதூரியா ஆட்ராவில் பொத்தான்களே இல்லை; மேசைகளும் ரோசெட்டுகளும் மட்டும். போஹாட்ஷியாவில் மேசைகள் முற்றிலும் மறைந்து ரோசெட்டுகளும் சிறு மணிகளும் எஞ்சுகின்றன. ஆக்டினோபைகாவில் கோல்களும் ரோசெட்டுகளும். ஸ்டிகோபோடிடே குடும்பத்தில் காணப்படும் வளைந்த கோல்கள் ஹோலோதூரிடேவில் ஒருபோதும் வருவதில்லை.

வெள்ளை அட்டையைப் பதப்படுத்துவோர் அவித்த பிறகு அதை மணலில் புதைத்து, மேல்தோல் நைந்ததும் எடுத்துத் தேய்த்துக் கழுவுகிறார்கள். அந்தத் தேய்ப்பில் போவது சிற்றெலும்புகள் செறிந்த அடுக்குதான். வாயில் நறநறக்கும் பகுதி போனால்தான் சரக்குக்கு விலை. ஆகவே காய்ந்த வெள்ளை அட்டையில் மேசைகள் குறைவாகவே கிடைக்கும். தேய்ப்புக்குத் தப்பிய இடங்களில் தேட வேண்டும். விலங்கியல் தெரியாதவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த இந்த வேலை, அந்த விலங்கின் தோல் அமைப்பை எவ்வளவு துல்லியமாக அறிந்து செய்யப்பட்டிருக்கிறது என்பதை எண்ணும்போது எனக்கு மரியாதை பிறக்கிறது.

இந்த வடிவங்களை அடிப்படையாக வைத்துக் குடும்பத்தை ஒழுங்குபடுத்தும் முயற்சியில் நம் கடலுக்கும் பங்கு உண்டு. மன்னார் வளைகுடாவின் முத்துச்சிப்பிப் படுகைகளை ஆராய 1902இல் வந்த விலங்கியலாளர் ஹெர்ட்மன் திரட்டிய கடல் அட்டைகளைப் பற்றி 1903இல் அறிக்கை எழுதியவர் ஜோசப் பியர்சன். பின்னாளில் கொழும்பு அருங்காட்சியகத்தின் இயக்குநரான அவர், 1914இல் ஹோலோதூரியா பேரினத்தை மறுவகைப்படுத்திக் கட்டுரை வெளியிட்டார். ஹாலோடெய்மா, தைமியோசைசியா போன்று இன்றும் வழங்கும் துணைப்பேரினப் பெயர்கள் அதிலிருந்து வந்தவை. பவளத் திட்டுகளில் வாழும் பியர்சனோதூரியா அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பின்னர் பானிங், டைக்மன் ஆகிய வகைப்பாட்டாளர்கள் இப்பேரினத்தை மேலும் பிரித்தார்கள். 1969இல் ரோ என்பவர் லண்டனின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகச் சேகரிப்பை வைத்து எழுதிய குடும்ப மறுஆய்வு, ஹோலோதூரியாவுக்குள் பல துணைப்பேரினங்களைச் சிற்றெலும்புகளின் வடிவத்தைக் கொண்டு வரையறுத்தது. அரை நூற்றாண்டுக்குப் பின்னும் இக்குடும்பத்தில் வேலை செய்பவர் யாரும் அந்த ஆய்வைத் தாண்டிச் செல்ல முடியாது.

லாபிடோடெமாஸ் என்ற சிறு பேரினம்தான் இந்த ஒழுங்குக்குள் அடங்காமல் நின்றது. மெல்லிய உடல், ஆரங்களின் வழியே வரிசையாக மட்டும் அமைந்த குழாய்க்கால்கள், மற்றவற்றில் காணாத விதமாக நீண்டு அமைந்த சுண்ணாம்பு வளையம் என்று அது எல்லா வகையிலும் வேறுபட்டது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் டி. பி. ஜேம்ஸ், அந்தமானில் கிடைத்த லாபிடோடெமாஸ் ருகோசத்தை விரிவாக விவரித்து, 1981இல் இப்பேரினத்துக்குத் தனிக் குடும்பமே வேண்டும் என்று முன்மொழிந்தார். உடற்கூற்றை மட்டும் பார்த்தால் அவருடைய வாதம் மிக நியாயமானது. 1988இல் தூத்துக்குடியில் வெள்ளை அட்டைக் குஞ்சுகளை முதன்முதலாகப் பொரிப்பகத்தில் உருவாக்கியதும் அவரும் அவர் குழுவினருமே. இந்தியக் கடல் அட்டைகளைப் பற்றிய நம் அறிவில் பெரும்பகுதி அவர் தந்தது. ஆனால் 2005இல் சாமின், அப்பெல்டன்ஸ், கெர் ஆகியோர் குடும்பத்தின் பரிணாம உறவுகளை ஆராய்ந்தபோது, லாபிடோடெமாஸ் குடும்பத்துக்கு வெளியே நிற்கவில்லை; ஹோலோதூரியா பேரினத்தின் கிளைகளுக்கு நடுவே கிளைத்து வந்தது. அதாவது சில ஹோலோதூரியா இனங்களுக்கு மற்ற ஹோலோதூரியா இனங்களைவிட லாபிடோடெமாஸ் நெருங்கிய உறவு. தோற்றத்தில் மிக விலகிப் போனது, வம்சத்தில் உள்வீட்டுப் பிள்ளையாக இருந்தது.

மேல்நிலை வகைப்பாட்டிலும் இப்படியொரு மாற்றம் வந்தது. கேடயக் கொம்புகளை வைத்து ஹோலோதூரிடேவையும் ஸ்டிகோபோடிடேவையும் ஒரே வரிசையில் (குடும்பத்துக்கு மேலான பிரிவில்) நெடுங்காலம் வைத்திருந்தார்கள். 2017இல் மில்லரும் அவரோடு கெர், பாலே உள்ளிட்ட பலரும் வெளியிட்ட மரபணு ஆய்வு அந்த வரிசையைக் கலைத்தது. ஸ்டிகோபோடிடே சினாலக்டிடா என்ற வரிசைக்குப் போய்விட, ஹோலோதூரிடே ஆழ்கடலில் வாழும் மெசோதூரிடே குடும்பத்தோடு ஹோலோதூரிடா என்ற புதிய வரிசையில் வைக்கப்பட்டது. இனப்பெருக்க உறுப்பு ஒரு கொத்தா இரண்டு கொத்தா என்ற பழைய வேறுபாடு, நாம் நினைத்ததைவிட ஆழமான பிரிவைச் சுட்டியிருக்கிறது.

சிற்றெலும்புகள் எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று நம்புவதற்கும் இடமில்லை. வெள்ளை அட்டையின் குஞ்சுக்கும் முதிர்ந்த அட்டைக்கும் அவை ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதை 2000இல் மாசின், மெர்சியே, ஹாமெல் ஆகியோர் காட்டினார்கள். ஒரே அட்டையின் முதுகுத் தோல், அடித்தோல், உணர்கொம்பு, குழாய்க்கால் ஆகியவற்றிலும் வெவ்வேறு வடிவங்கள் இருப்பதால், ஓரிடத்துத் தோலை மட்டும் பார்த்து எழுதிய பழைய விவரணைகள் பல குழப்பங்களுக்குக் காரணமாயின. வெள்ளை அட்டையின் நிறவேறுபாடு என்று கருதப்பட்ட பொன்னிற அட்டை, ஹோலோதூரியா லெசோனி என்ற தனி இனமாக 2009இல்தான் முறையாக விவரிக்கப்பட்டது. அதற்குள் அது பல நாடுகளிலிருந்து டன் கணக்கில் ஏற்றுமதியாகியிருந்தது. பக்கவாட்டில் காம்பு போன்ற புடைப்புகள் கொண்ட கரிய அட்டையின் கதையும் அதுவே. ஹோலோதூரியா நோபிலிஸ் என்ற ஒரே பெயரில் இருந்தது, 2004இல் இந்தியப் பெருங்கடலுக்கு நோபிலிஸ் என்றும் பசிபிக்குக்கு விட்மாய் என்றும் இரண்டாகப் பிரிந்தது. காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் மாநாடு, 2019இல் ஜெனீவாவில் கூடி, இவ்விரண்டையும், வெண்ணிறத்து ஃபஸ்கோகில்வாவையும் இரண்டாம் பட்டியலில் சேர்த்தபோது, அந்தப் பிரிப்பு சுங்க அலுவலகத்துக்குத் தேவையான செய்தியாகிவிட்டது.

இன்று தீராமல் நிற்கும் கேள்வி பேரினத்தைப் பற்றியது. லாபிடோடெமாஸைத் தனிப் பேரினமாக வைத்துக்கொள்ள வேண்டுமென்றால், ஹோலோதூரியாவை உடைத்து அதன் துணைப்பேரினங்களைப் பேரினங்களாக உயர்த்த வேண்டும். வெள்ளை அட்டை மெட்ரியாடைலா ஸ்காப்ரா ஆகலாம். உடைக்க வேண்டாமென்றால், லாபிடோடெமாஸை ஹோலோதூரியாவுக்குள் ஒரு துணைப்பேரினமாக இறக்க வேண்டும். முதல் வழியே அறிவியலுக்கு ஏற்றது என்று நான் கருதுகிறேன்; நூற்றைம்பது இனங்களைத் தாங்கும் ஒரு பேரினப் பெயர் நமக்கு எதையும் சொல்வதில்லை. ஆனால் ரோ வகுத்த துணைப்பேரினங்கள் ஒவ்வொன்றும் உண்மையிலேயே ஒரே வம்சமா என்பதை, மன்னார் வளைகுடா உட்பட எல்லாக் கடல்களின் மாதிரிகளையும் சேர்த்து, சிற்றெலும்பையும் மரபணுவையும் ஒன்றாக வைத்து ஆராய்ந்த பின்னரே அந்த உடைப்பைச் செய்ய வேண்டும். அதுவரை மாதிரிக் குடுவைகளின் சீட்டில், ஹோலோதூரியாவுக்கும் இனப்பெயருக்கும் நடுவே துணைப்பேரினப் பெயரையும் விடாமல் எழுதி வருவது நல்ல வழக்கம்.